பிரிகேடியர் புறப்பாடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திருவள்ளூர்ப் பெருமாள் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையில் வெல்லக்கட்டியோடு செய்த சத்தியம். ஒரு சொல் கூடக்குறைய இருந்தால், நோய் தீர வேண்டிக்கொண்டு ஜனங்கள் அந்தக் குளத்தில் போடுகிற வெல்லமெல்லாம் கரையாமல் மிதக்கட்டும். இதுவரை மிதக்கவில்லை.

சீனாக்காரனோடு சண்டை ஓய்ந்த மறு வருஷம். சோழவரத்தில் ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயம் விடுகிற பழைய விமான ஓடுபாதையை வளைத்துக் கூடாரம் அடித்து, பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். திருவள்ளூர் ஸம்பத்குமாரும் ஒரு தகரப்பெட்டியோடு அங்கே போய் இறங்கினான்.

அவன் குடும்பம் ஸ்ரீபாதந்தாங்கிகள். உற்சவத்தில் பெருமாளைத் தோளில் ஏளப்பண்ணிக்கொண்டு மாட வீதி சுற்றுவது பரம்பரை உத்தியோகம். பல்லக்குத் தண்டில் முன்வரிசை இடம் அவனுடையது. அதைச் சித்தப்பா பிள்ளை சடகோபனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா அவனை பஸ் ஏற்றினார். "போறேன்னா போ. ஒத்து வரலேன்னு திரும்பி வந்து நிக்காதே. தண்டுல உன் இடம் போயாச்சு."

முதல் நாள் காலையிலேயே ஸம்பத்குமாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் பாக்கியநாதன் பார்வைக்கு முருங்கைக்காய். வாயைத் திறந்து "சாவதான்!" என்றாரோ இல்லையோ, ஓடுபாதையில் நின்ற ஐந்நூறு பேரும் விறைத்தார்கள். அது பெரிதில்லை. பக்கத்துச் சோழவரம் ஏரிக்கு அக்கரையில் உழுதுகொண்டிருந்த மாடுகள் விறைத்தன. பால்காரன் உயர்த்தி ஆற்றிய பால் பாத்திரத்துக்கு வந்து சேராமல் பாதியில் நின்றது. பொன்னேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்த கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் நின்றது. ஹவில்தார் "விஷ்ராம்!" சொன்ன பிறகுதான் எல்லாம் நகர்ந்தன. கார்டு மட்டும் இறங்கி வந்து, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார், டைம் கெட்டுப் போவுது" என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஆனால் ஸம்பத்குமாரை அடித்துப் போட்டது அந்தக் குரல் இல்லை. "தேஜ் சல்!" என்றதும் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்த ஆட்களெல்லாம் காலெடுத்து வைத்தார்களே, அந்தச் சத்தம். ஐந்நூறு பூட்ஸ், ஒரே சத்தம். கருட சேவையன்று விடியலில் கோபுரக் கதவு திறக்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று எழுந்து நிற்குமே, அது எழுந்து நின்றது. இந்தச் சத்தத்துக்குள் என் காலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். வாழ்க்கையில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

துப்பாக்கியைத் தோளில் வைக்கிற நாள் வந்தது. வந்தது வினை.

தோளில் கனம் ஏறியதும் அவன் கால்களுக்கு உற்சவம் வந்துவிட்டது. இரண்டடி முன்னால், அரையடி பின்னால், இடுப்பில் ஒரு அசைவு, முழங்காலில் ஒரு குழைவு. பெருமாள் புறப்பாட்டில் போடுகிற ஒய்யாளி நடை. வரிசை நேராகப் போக, ஸம்பத்குமார் மட்டும் வாகனம் வருகிற மாதிரி வந்தான்.

"டேய் ஸம்பத்து! இன்னா நடடா இது?" என்றார் ஹவில்தார். "உன்னப் பாத்தா எதிரி சுடுவானா, தேங்கா ஒடைப்பானா?"

"வேணும்னு பண்ணலை சாப். தோள்ல கனம் ஏறினா கால் தானாப் போறது."

"தானா போவுதா? அப்ப தானாவே ஊட்டுக்கும் போவும்."

பக்கத்தில் நின்ற ஆதிநாராயணன் ஆர்.கே.பேட்டைக் கழனிக்காரன். வரப்பிலேயே நடந்து வளர்ந்தவன். ஓடுபாதையின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வரப்பு ஒன்றின் மேல் கைகளை விரித்துக்கொண்டு நடந்தான். "நீயாவது ஆடிக்கினே போற நைனா," என்றான். "எனக்கு இம்மாம் அகல ரோட்ல கால வெக்கவே பயமா கீது. எந்தப் பக்கம் உளுவேன்னு தெரியல."

ஹவில்தார் விடவில்லை. ஸம்பத்குமாரின் பின்னால் முதுகோடு ஒட்டிக்கொண்டு, "லெஃப்ட், ரைட்" சொல்லிச் சாயங்காலம் வரை நடந்தார். பெருமாள் நடை ஒட்டுவாரொட்டி என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில் கொடிக்கம்பத்துக்குக் கிளம்பியவர் இரண்டடி முன்னால், அரையடி பின்னால் என்று போய்ச் சேர்வதற்குள் நாஷ்டா ஆறிவிட்டது. அதோடு அவர் கோபம் போய் பயம் வந்தது. ஸம்பத்குமாரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்பதால் கூடாரத் துணி மட்டும்தான் படபடத்தது.

"வெள்ளிக்கெழம பிரிகேடியர் பாக்க வர்றாரு. அவர் எதிர்ல நட ஒத்து வரலன்னா பொட்டியத் தூக்கினு கெளம்ப வேண்டியதுதான் கண்ணு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கிளம்பி எங்கே போவது? தண்டில் சடகோபன் நின்றான். ஸம்பத்குமார் அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி மழை. காலையில் பிரிகேடியர் திறந்த ஜீப்பில் நின்றபடி வந்தார். இமயமலையில் ஒரு துண்டை வெட்டி உடுப்புப் போட்டு அனுப்பினாற்போல ஆள். ஐந்நூறு பேரும் சல்யூட் அடித்தார்கள். அவரும் கையை நெற்றிக்கு உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து ஜீப் ஓரம் வழுக்கி, ஏரி வண்டலில் இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. வரிசை கையை இறக்காமல் அவர் கையை இறக்கக்கூடாது. ஹவில்தார் சொல்லாமல் வரிசை இறக்கக்கூடாது. பாக்கியநாதனுக்கோ, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குரல் வரவில்லை. வெறும் காற்று வந்தது. பிரிகேடியர் சல்யூட் அடித்தபடி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், அரைச் சக்கரம், முக்கால் சக்கரம் என்று பூமிக்குள் போய்க்கொண்டிருந்தார்.

கட்டளை இல்லாமல் வரிசையை விட்டு அசைந்தவனுக்கு அன்றைக்கே பெட்டி. அது ஸம்பத்குமாருக்குத் தெரியும். ஆனாலும் ஏளியிருக்கிறவர் சாய்வதைப் பார்த்துக்கொண்டு ஸ்ரீபாதந்தாங்கி நிற்க முடியாது.

"தோள் குடுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினான். கூடாரத்துச் சவுக்கு மரம் இரண்டை உருவி ஜீப்புக்கு அடியில் செருகினான். முன்னால் அவன், பின்னால் கைக்குக் கிடைத்தவர்கள். "குதிகால ஊணாத நைனா, வெரல ஊணு!" என்று சேற்றின் போக்குத் தெரிந்த ஆதிநாராயணன் கீழேயிருந்து கத்தினான். ஒரு மூச்சு. ஜீப் எழுந்தது. டிரைவரோடு, பிரிகேடியரோடு, சல்யூட்டோடு எழுந்து தோளில் உட்கார்ந்தது.

கனம் ஏறியதா, கால் கிளம்பிவிட்டது. இரண்டடி முன்னால், அரையடி பின்னால். சுமந்த அத்தனை பேருக்கும் அதே நடை. பிரிகேடியர் இப்படிக் கொஞ்சம் சாய்ந்தார், அப்படிக் கொஞ்சம் சாய்ந்தார். தொப்பி நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சல்யூட்டைக் கலைக்காமலே பின்னால் சேர்ந்துகொண்டார்கள். புறப்பாடு ஆரம்பித்தால் வீதி சுற்றாமல் நிற்காது. வாசலைத் தாண்டிச் சோழவரம் கடைத்தெருவுக்குள் போனார்கள். இட்லிக் கடை குப்பம்மாள் ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் கொட்டி, "எந்தக் கோயிலுப்பா?" என்றாள். எந்தக் கோயிலானால் என்ன என்று கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தாள். பிரிகேடியர் வலது கையை நெற்றியிலிருந்து எடுக்காமல் இடது கையால் மாலையை வாங்கிக்கொண்டார். தெருவில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்படி ஒரு அமைதி.

திரும்பி வந்து ஜீப்பைத் தரையில் வைத்தபோது சத்தமே கேட்கவில்லை. பிரிகேடியர் இறங்கினார். இந்த நடையைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று இந்தியில் கேட்டார்.

பாக்கியநாதனுக்குக் குரல் திரும்பியது. "நான்தான் சாப்!" ஏரியிலிருந்த வாத்தெல்லாம் எழுந்து பழவேற்காட்டுக்குப் போய்விட்டன.

"முன்னால் நின்ற பையன்?"

ஸம்பத்குமார் சேறு சொட்டச் சொட்ட நின்றான். பெட்டியை மனசுக்குள் கட்டி முடித்திருந்தான்.

பிரிகேடியர் அவன் தோளில் கை வைத்து அழுத்திப் பார்த்தார், மரமா சதையா என்று பார்க்கிறவர் மாதிரி. "இவனை எங்கேயும் அனுப்பாதே," என்றார். "மற்றவர்களை இவனைப்போல் நடக்கச் சொல்."

"தேஜ் சல்!"

ஹவில்தார் குரலுக்கு ஐந்நூறு துப்பாக்கி தோளில் ஏற, ஐந்நூறு பேர் இரண்டடி முன்னால் வந்து அரையடி பின்னால் சாய்ந்தார்கள். ஒரே சத்தம். சோழவரம் ஏரி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் தன் காலைத் தேடிப் பார்த்தான் ஸம்பத்குமார். தனியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது.

நிஜத்தில் ஸம்பத்குமார், திருவள்ளூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அன்றைக்கே மார்பளவு ஓர் அங்குலம் குறைகிறதென்று திருப்பி அனுப்பப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டான்.