மூடி நிற்காத மின்மினி

சோதனைக்கூடத்திலிருந்து திரும்பி வந்த மின்மினியைத் தம்பி மேசையில் கவிழ்த்துப் போட்டான். பள்ளிப் பிள்ளைகள் தாங்களே ஈயத்தால் பற்றவைத்துச் செய்து சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன விளக்கு அது. உள்ளே காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி. விழுங்கினால் பிள்ளையின் தொண்டையை அரித்துவிடும். அதனால் மூடியைத் திருப்புளி இல்லாமல் திறக்க முடியக்கூடாது, கீழே விழுந்தாலும் அது திறக்கக்கூடாது என்பது விதி. கீழே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாயைப் பிளந்துவிட்டது.

வடிவமைத்தது தம்பி, விற்பது அக்கா. வேறு சரக்கெல்லாம் படுத்துவிட்டது. இது தேறினால் பள்ளிக்கூட ஆர்டர்; தேறாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

தம்பி லென்ஸ் வைத்துப் பார்த்தான். பிளாஸ்டிக் துளைக்குள் திருகாணி பிடிக்கும் மரை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“எதைடா அனுப்பின?”

“ஷோகேஸ்ல இருந்ததை.”

“அட அறிவுகெட்டவனே! வர்றவன் போறவனுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டினோமே, அதையா?”

“அதுதான் பார்க்க லட்சணமா இருந்துச்சு.”

“அழகிப் போட்டிக்கா அனுப்பின?” திட்டும்போதே அக்காவின் முகத்தில் உயிர் வந்துவிட்டது. “அப்போ கோளாறு அந்த ஒண்ணுலதான். புதுசு ஒண்ணை அனுப்பு.”

தம்பி புதியதை எடுத்தான். திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான், மூடினான்.

“கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டா.”

அவன் நிறுத்தவில்லை. கடைசியில் திருகாணி பிடிப்பில்லாமல் சும்மா சுற்றியது. எழுந்து நின்று விளக்கைக் கையிலிருந்து கீழே விட்டான். மூடி ஒரு பக்கம் தெறிக்க, பேட்டரி பீரோவுக்கடியில் உருண்டு போனது.

“யாருடா இத்தனை தடவை திறப்பான்?”

“பேட்டரி ஒரு வாரம் தாங்காதுக்கா. பசங்க இதுக்கு மேலயே திறப்பாங்க.”

“சோதனை பண்றவன் திறப்பானா?”

“மாட்டான்.”

“அப்போ புதுசு தேறிடும்.”

“தேறிடும்.”

துளைக்குள் பித்தளை மரை வைத்தால் தீரும். அதற்குப் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சையே மாற்ற வேண்டும்; கையில் காசில்லை. அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அக்கா கூரியர் கவரை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தொடவில்லை.

“உன் மனசாட்சியா வந்து நாளைக்கு ஷட்டரைத் தூக்கப் போகுது?” என்று கத்தினாள். கத்தி ஓய்ந்ததும் ஆர்டர் கேட்ட பள்ளி டீச்சருக்குத் தானே போன் செய்தாள்.

“டீச்சர், மன்னிச்சுக்குங்க. எங்களால தர முடியாது. மூடி நிக்கல.” பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அது ஆபத்துங்க டீச்சர்... இல்லீங்க... சரிங்க.” வைத்துவிட்டாள்.

“என்னக்கா?”

“வேற இடத்துல வாங்கிக்கிறாங்களாம். அதுல மூடியே கிடையாதாம். பசங்க கையாலயே பேட்டரியை மாத்திக்கலாமாம்.”

“எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனேடா. உங்க சரக்கு தேறலைன்னு அடுத்தவங்களதைக் குறை சொல்லாதீங்கன்னுட்டாங்க.”