சான்றுப் பொருள் எண் ஒன்று

மூன்று வருஷத்தில் இருபத்தாறு வாய்தா பார்த்துவிட்ட தள்ளுவண்டிக்காரருக்குக் குற்றவாளிக் கூண்டின் எந்தப் பலகை ஆடும் என்பதுகூட அத்துப்படி. நாற்காலிக் கடை வாசலிலிருந்து ஒரு சுழல் நாற்காலியைத் திருடினார் என்று வழக்கு. கைப்பிடி கிழிந்து குப்பைத்தொட்டியோரம் கிடந்ததை எடுத்து, சைக்கிள் டியூபைச் சுற்றிச் சரிசெய்தேன் என்று ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்தார். எழுதுகிறவரின் பேனாவில் அன்று மை இல்லை; நாற்காலி மட்டும் சான்றுப் பொருளாகக் கோர்ட்டுச் சாமான் அறைக்குப் போனது.

இன்று தீர்ப்பு. ஆறு மாசம் உள்ளே போனால், அடுத்த வெள்ளிக்கிழமை நடக்கவேண்டிய மகள் கல்யாணம் அம்பேல். சம்பந்தி வீட்டில், "அவருக்குக் கோர்ட்டுல வேலை" என்று பெண்டாட்டி சொல்லி வைத்திருக்கிறாள்.

அவருடைய வக்கீல் வழக்கம்போல் பக்கத்துக் கோர்ட்டில் இருந்தார். அரசு வக்கீல் மட்டும் எழுந்து, அங்கியை இழுத்துவிட்டு, இருபது நிமிஷம் முழங்கினார். அதன் சாரம் ஒரே வரி: திருட்டுப் பொருள் எவரிடம் இருக்கிறதோ, அவரே திருடர்.

"பொருளைக் கொண்டு வாங்க" என்றார் நீதிபதி.

பெஞ்ச் கிளார்க்குக்கு முகம் வெளிறியது. சாமான் அறைக்குள் போனவர் கால்மணி நேரம் கழித்து ஒரு சைக்கிள் பெல்லோடு வந்தார்.

"இதுதான் இருக்குங்கய்யா."

"இது நாற்காலியா?"

"இல்லீங்கய்யா."

எரிச்சலோடு நீதிபதி பின்னால் சாய்ந்தார். அங்கியின் கை விலகியது. நாற்காலியின் வலது கைப்பிடியில் சைக்கிள் டியூப்.

தள்ளுவண்டிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொன்னால் பெரிய மனுஷர் கோபிப்பார். சொல்லாவிட்டால் பொருள் காணாமல்போன பழியும் தன் தலையில் விழும். மகள் முகம் கண்முன் வந்தது.

"ஐயா தப்பா நினைக்கக்கூடாது. ஐயா உட்கார்ந்திருக்கீங்களே, அதுதானுங்க."

பெஞ்ச் கிளார்க் மேஜையைப் பார்த்தபடி முனகினார்: "பழைய நாற்காலி உடைஞ்சப்போ புதுசு கேட்டு எழுதிப் போட்டோம்ங்கய்யா. அது வர்ற வரைக்கும், உள்ள சும்மா கிடந்ததேன்னு..."

"எப்ப எழுதிப் போட்டீங்க?"

"ரெண்டு வருஷமாச்சுங்கய்யா."

புகார் கொடுத்த கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஐயா ஒரு நிமிஷம் எந்திரிச்சா, அடியில கடை முத்திரையைக் காட்டிடுவேன்."

நீதிபதி எழுந்திருக்கவில்லை.

தள்ளுவண்டிக்காரர் மெல்லக் கேட்டார்: "ஒரு சந்தேகமுங்க. பொருள் யாருகிட்ட இருக்கோ அவருதான்னு வக்கீல் ஐயா இப்பத்தானே..."

"போதும்" என்ற நீதிபதி, அரசு வக்கீலை நிதானமாகப் பார்த்தார். "அந்த வாதத்தை இன்னும் வலியுறுத்துறீங்களா?"

மலைபோல் நின்ற சட்டம் மடமடவென்று இறங்கி வந்தது. "அப்படி ஒண்ணும் அவசியமில்லைங்கய்யா. பொதுவாச் சொன்னேன்."

சந்தேகத்தின் பலனைத் தந்து விடுதலை என்று நாலே வரியில் தீர்ப்பு முடிந்தது.

"அப்ப என் நாற்காலி?" என்றார் கடைக்காரர்.

"மனு போடுங்க. பரிசீலிப்போம்."

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். எங்கே போட, யாரைப் பார்க்க, ஒன்றும் புரியவில்லை. கூண்டை விட்டு இறங்கிய தள்ளுவண்டிக்காரர் அவர் தோளில் கைபோட்டார்.

"வாங்கண்ணே, மூணாம் நம்பர் ஜன்னல். சாப்பாடு கட்டிக்கிட்டு வந்தீங்களா?"