குளித்ததற்குக் கைதட்டல்

பெரியக்கா வந்த அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. தம்பி பெய்தது என்கிறான். வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள் பெரியக்கா. கீழ்வீட்டுத் தையல்காரரைக் கேட்டால், "மழையுமில்ல வெயிலுமில்ல, என் தலைக்கு மேல இடி இடிச்சுது" என்பார். எனக்கு நினைவிருப்பது பெரியக்காவின் ஈரத் தலைமுடி. அது மழையில் நனையவில்லை, குளித்து நனைந்தது. அதில் மட்டும் சந்தேகமில்லை. மற்றபடி நான் விழுங்கும் மாத்திரைகள் வலியோடு சேர்த்து ஞாபகத்தையும் கரைத்துக்கொண்டு போகின்றன. ஒன்றிரண்டு விஷயங்கள் முன்பின்னாக வரலாம். சிரித்தது மட்டும் பொய்யில்லை.

அம்மா அப்பா போன பிறகு அந்த மாடி வீட்டில் நானும் தம்பியும்தான். எனக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் என்னை யாரென்றே கேட்காது. வெந்நீரில் ஊறவைத்து, கெஞ்சிக் கூத்தாடினால் மதியத்துக்குச் சற்று முன் மடங்க ஆரம்பிக்கும். தம்பிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் மக்கர் பண்ணும். அழைப்பு மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும், சட்டை நனைந்துவிடும். சில நாட்களில் கட்டில் அவனைப் பிடித்துக்கொண்டு விடாது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். நான் அவன் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அப்படியே பொழுது போய்விடும். நானும் பேசாமடந்தைதான்.

ஆனால் சாப்பிட்டாக வேண்டுமே. அதனால் எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை. கை அவனுடையது, வாய் என்னுடையது. மூடி திறப்பது, துணி பிழிவது, என் பின்னலைப் போடுவது, கொக்கி மாட்டுவது எல்லாம் அவன். தொலைபேசி, வாசல் மணி, மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாம் நான். காய்கறிக் கடைக்குச் சேர்ந்தே போவோம். நான் முன்னால் நின்று பேசுவேன், அவன் பின்னால் நின்று பொறுக்குவான். கடைக்காரர் வெகுநாள் அவனை ஊமை என்று நினைத்து, பாவம் பார்த்துக் கூடுதலாக இரண்டு தக்காளி போட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் திருத்தவில்லை.

கைதட்டல் வந்த கதை இது. ஒரு தடவை கட்டில் அவனை ரொம்ப நாள் விடவில்லை. தாடி வளர்ந்து, அறையே ஒரு மாதிரி வாடை அடித்தது. திடீரென்று ஒரு நாள் எழுந்து போய்க் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்து நின்றான். 'குளிச்சிட்டியா' என்றால் இத்தனை நாள் குளிக்காததைக் குத்திக்காட்டுவது போலிருக்கும். கையைத் தட்டினேன். முதல் தட்டிலேயே உயிர் போயிற்று. நிறுத்த மனமில்லாமல் காலால் தரையை உதைத்தேன். தொம் தொம் தொம். அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவன் மாதிரி இடுப்பை வளைத்து வணங்கினான். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து டக் டக் டக். தையல்காரர் ஒட்டடைக் கம்பால் தன் வீட்டுக் கூரையை இடித்து, சத்தம் போடாதே என்று சொல்கிறார்.

"சின்னக்கா, கீழ இருந்தும் பாராட்டு வருது," என்றான் தம்பி.

அவன் சிரித்துக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று யோசித்தேன். யோசிக்கும்போதே நானும் சிரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுச் சட்டம். யார் எதைச் செய்து முடித்தாலும் தட்ட வேண்டும். அவன் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தால் நான் தரையை உதைப்பேன். நான் ஒரு பொத்தானை நானே போட்டுக்கொண்டால் அவன் கைதட்டுவான். கீழே இருந்து ரசிகர் தவறாமல் இடிப்பார். அவர் இடிக்காத நாளில், "இன்னிக்கு நம்ம நடிப்பு சரியில்ல போல" என்பான் தம்பி.

இப்படி இருக்கும்போதுதான் பெரியக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது. பெரியக்கா ஒரு பள்ளியின் உதவித் தலைமையாசிரியை. அவள் தாழ்வாரத்தில் நடந்தால் வகுப்புகள் தாமாக அமைதியாகிவிடும் என்பார்கள். கெட்டவள் இல்லை. முந்தைய தடவை வந்தபோது எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் பூஞ்சை பூத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"ஞாயித்துக்கிழமை வரேன். பாத்துட்டு ஒரு முடிவு பண்ணிடலாம். அவனைப் பாத்துக்க ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன், நல்ல இடம், தோட்டமெல்லாம் இருக்கு. உனக்கு என் வீட்ல ரூம் காலி பண்ணியாச்சு. அந்த வீட்டைப் பூட்டிடலாம்."

"நாங்க நல்லாத்தான் இருக்கோம், பெரியக்கா."

"அதைத்தான்டி பாக்க வரேன்."

போனை வைத்த பிறகு அவள் சொன்னதைத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்குத் தோட்டம் பிடிக்கும். ஆனால் அங்கே யார் தரையை உதைப்பார்கள்? என் பின்னலைப் பெரியக்கா வீட்டில் யார் போடுவார்கள்? கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான். "நம்ம ரெண்டு பேரும் முழு ஆளுன்னு காட்டணும். நான் கதவைத் திறந்து பேசுறேன். நீ டீ ஊத்து."

அதாவது, யாரால் எது முடியாதோ அவர் அதைச் செய்வது. இப்போது எழுதும்போது இதைவிட முட்டாள்தனமான திட்டம் இருக்க முடியாது என்று தெரிகிறது. அப்போது ராஜதந்திரமாகப் பட்டது. இன்னொரு முக்கியமான விதி, அவள் இருக்கும்வரை கைதட்டல் கூடவே கூடாது. பார்த்தால் இருவரையும் சேர்த்தே இல்லத்துக்கு அனுப்பிவிடுவாள்.

ஒத்திகை நடந்தது. அவன் வாசலுக்கு வெளியே போய் மணி அடித்துவிட்டு, ஓடிவந்து உள்ளேயிருந்து கதவைத் திறந்து, யாருமில்லாத மாடிப்படியைப் பார்த்து "வாங்க பெரியக்கா" என்றான். நான் கெட்டிலை இரண்டு மணிக்கட்டுக்கு நடுவில் இடுக்கி, அணில் கொய்யாவைப் பிடிப்பது மாதிரி பிடித்து ஊற்றினேன். பாதி கோப்பையில் விழுந்தது. இருவரும் தட்டாமல் இருந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். முழு ஒத்திகையும் தட்டாமலே முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தச் சந்தோஷத்தில் தட்டிவிட்டோம். டக் டக் என்றார் தையல்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்தது. தம்பி போய்க் கதவைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டே திறந்தான் என்று நினைக்கிறேன்.

"வாங்க பெரியக்கா பயணம் எப்படி இருந்துது நல்லா இருந்துது நீ எப்படி இருக்க நான் நல்லா இருக்கேன் உள்ள வாங்க," என்றான் ஒரே மூச்சில். அவள் வசனத்தையும் சேர்த்து அவனே பேசிவிட்டான்.

பெரியக்கா பெட்டியோடு வாசலிலேயே நின்றாள். "எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கியாடா?"

அடுத்து என் பங்கு. காலை நேரம் வேறு, விரல்கள் மரக்கட்டை. கெட்டிலை மணிக்கட்டில் இடுக்கினேன். பெரியக்கா உற்றுப் பார்த்தாள்.

"என்னடி பிடிக்கிற பிடி?"

"இப்பல்லாம் இப்படித்தான் ஊத்துறாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

டீ சர்க்கரைக் கிண்ணத்துக்குள் நேராகப் போய் விழுந்தது. ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை, அந்த மட்டில் நல்ல குறிதான். தம்பி தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியக்கா சமையலறை, தண்ணீர்த் தொட்டி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பார்வையாலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. தம்பிக்கும் தெரிந்திருக்கும். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ராத்திரி முழுக்க பஸ்ஸு. குளிச்சிட்டு வந்து பேசுறேன்," என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் அந்த இல்லத்துத் தோட்டத்தைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். தம்பி என்ன நினைத்தான் என்று தெரியாது. தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆள் வெளியே வந்தது.

நான் தரையை உதைத்தேன். தம்பி எழுந்து நின்று கைதட்டினான்.

சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு யார் வந்தாலும் எங்கள் கைகால் அதைத்தான் செய்யும். தொம் தொம். பட பட. கீழேயிருந்து, வழக்கத்தைவிட வேகமாகவே, டக் டக் டக்.

பெரியக்காவின் முகம் சிவந்தது. "என்னைக் கேலி பண்றீங்களா?"

நாங்கள் கையையும் காலையும் அடக்கினோம்.

"பஸ்ஸுல உக்காந்து உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு வந்திருக்கேன், உங்களுக்காக. நக்கலா உங்களுக்கு? இப்பவே அந்த இல்லத்துக்குப் போன் போடுறேன்." போனை எடுத்தே விட்டாள்.

வாய் என்னுடைய இலாகா. ஆனால் அன்று அது ஒட்டிக்கொண்டது. பேசியது தம்பி.

"கேலி இல்ல பெரியக்கா. நீங்க குளிச்சிட்டீங்க."

"அதுக்கு?"

"அது பெரிய விஷயம். அதான் தட்டினோம். இங்க யார் குளிச்சாலும் தட்டுவோம். நான் குளிச்சா சின்னக்கா உதைப்பா, அவளுக்குக் கை வலிக்கும்ல. கீழ்வீட்டுக்காரர் கம்பால தட்டுவார். அவர் திட்டுறார்தான், நாங்க பாராட்டுன்னு எடுத்துக்குவோம். எனக்கு டீ ஊத்தத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவளுக்குக் கதவு திறக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. உங்ககிட்ட மாத்திக் காட்டினோம். தப்புதான்."

அவன் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசி நானே கேட்டதில்லை. பெரியக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. மௌனங்களில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எது கோபம், எது களைப்பு என்று கேட்டே சொல்லிவிடுவேன். இது களைப்பு.

"சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து வந்து வாசல்ல காரை நிறுத்துவேன்," என்றாள் கடைசியில். "இறங்க மாட்டேன். உள்ள போனா அடுத்த வேலை ஆரம்பிச்சிடும்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். சில நாள் இருட்டிடும். உங்க அத்தான் டிராஃபிக்னு நினைச்சிட்டிருக்காரு."

"இறங்கினதும் யாரும் தட்ட மாட்டாங்களா?" என்று தம்பி நிஜமான கவலையோடு கேட்டான்.

"யாருடா தட்டுவா? எதிர்வீட்டு நாயா?"

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. தான் சிரிக்கவில்லை என்று பெரியக்கா இன்றும் சாதிக்கிறாள். சிரிப்பு அடங்கியதும் அவள் எழுந்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். முகத்தில் உதவித் தலைமையாசிரியைக் களை அப்படியே இருந்தது, புருவம் மட்டும் லேசாக உயர்ந்து நின்றது.

தட்டினோம்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தலையைத் துவட்டிவிட்டுத் திரும்பினாள். ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். உருளைக்கிழங்கைத் தோலுரித்து, ஒவ்வொன்றுக்கும் திரும்பினாள். "இது ஒண்ணுக்குத் தட்டலியே?" என்று சண்டைக்கு வந்தாள். தம்பி அவளைவிட வேகமாக உரித்து எனக்குக் கண்ணைக் காட்டினான். போட்டி முற்றியது. நான் என் பங்குக்கு எழுந்து போய் என் கையாலேயே, விரல் முட்டி மடங்காமல் வளைந்து நெளிந்து, உப்பு டப்பாவைத் திறந்துவிட்டேன். அதற்கு இரண்டு பேரும் உதைத்த உதையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கீழே ஒரு பெரிய டக். பிறகு சத்தமில்லை.

வாசல் மணி அடித்தது.

சிரித்துக்கொண்டிருந்த தம்பி போய்க் கதவைத் திறந்தான். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர் நின்றார். கையில் இரண்டாக உடைந்த ஒட்டடைக் கம்பு.

"என்னப்பா இன்னிக்கு விசேஷம்? கம்பே போச்சு!"

"எங்க பெரியக்கா வந்திருக்காங்க," என்றான் தம்பி. "உள்ள வாங்க. உருளைக்கிழங்கு வேகுது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கதவின் பிடி அவன் கையில் இருந்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். எனக்குக் கால் எழும்பவில்லை. பெரியக்காதான் முதலில் உதைத்தாள். காரணம் ஒன்றும் புரியாத தையல்காரர் உடைந்த துண்டுகள் இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார்.

அன்று பெரியக்கா இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மறுநாள் பஸ் ஏறும்போது, "பாத்திரத்துல மறுபடி பூஞ்சை பாத்தேன், ரெண்டு பேரையும் தோலை உரிச்சிடுவேன்," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது என் முழங்கால்களும் கெட்டுவிட்டன. தரையை உதைக்க முடிவதில்லை, தட்டைப் பூரிக்கட்டையால் அடிக்கிறேன். தம்பியைக் கட்டில் இன்னும் அவ்வப்போது பிடித்துக்கொள்கிறது, பிறகு விடுகிறது. வாசல் மணிக்கு அவன் இன்னும் வியர்க்கிறான், சில நாள் திறக்கிறான். காய்கறிக் கடைக்காரருக்கு அவன் ஊமையில்லை என்று தெரிந்துபோய் தக்காளி நின்றுவிட்டது. தையல்காரர் இரும்புக் கம்பு வாங்கிவிட்டார். பெரியக்கா ஓய்வு பெறவில்லை, காரையும் விற்கவில்லை. சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறாள். அந்த ஒரு போனை மட்டும் தம்பி எடுக்கிறான். அவள் கார்க் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நாங்கள் தட்டுகிறோம், அவள் வீட்டுக்குள் போகிறாள்.