முழிக்காத செல்

ஒரு மாதம் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, சுந்தரம்மாள் சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தோளில் பெண்குழந்தை துவண்டு கிடந்தது. அவள் ஊரான குருவிகுளத்துக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு ஏறத் தோன்றவில்லை. நேராக டாக்டர் சிவராமலிங்கத்தின் கிளினிக்குக்கு நடந்தாள். சென்னைக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான்.

பிறந்ததிலிருந்தே பிள்ளைக்கு வாயில் வெள்ளை, வயிற்றுப்போக்கு, நெஞ்சுச்சளி. முதல் பிள்ளையும் இப்படித்தான் போனது. "ஒன் பாலுதான் விஷம்" என்று மாமியார் உச்சிமாகாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மாமியார் வேறு யாருமில்லை, சுந்தரம்மாளின் அப்பா கூடப் பிறந்த அத்தைதான்.

"அங்கன எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுதாங்க அய்யா. என்னன்னு நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் சென்னைக்குப் போன் போட்டு ஏற்கெனவே விசாரித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"ரத்தத்துல டி செல்னு ஒண்ணு இருக்கும்மா. கிருமி உள்ள வந்தா, வேற ஒரு செல் அதோட துண்டை எடுத்து இதுக்குக் காட்டும். டி செல் அதைத் தொட்டுப் பார்க்கும். ஆனா தொட்டா மட்டும் போதாது. அதும்மேலயே இருக்கிற இன்னொரு மூலக்கூறு கூடச் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கணும். அப்பத்தான் சேதி உள்ள போயி அது முழிக்கும். ஒம் பிள்ளைக்கு டி செல் இருக்கு, முழிக்க மாட்டேங்குது. அந்தத் துணை மூலக்கூறுலதான் கோளாறுன்னு நெனைக்காங்க. உறுதியாத் தெரியல."

"மருந்து?"

"வெளிநாட்டுல எலும்பு மஜ்ஜை மாத்துதாங்க. இங்க நமக்கு…" என்று நிறுத்திக்கொண்டார்.

சுந்தரம்மாள் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆடி மாதம் பிள்ளை போய்விட்டது. துக்கம் ஆறும் முன்பே உச்சிமாகாளி அடுத்த பேச்சை எடுத்தாள். சுந்தரம்மாளின் தங்கை முத்துமாரியை மகனுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவிடலாம். சொத்தும் வெளியே போகாது.

மறுநாள் சுந்தரம்மாள் புருஷன் இசக்கிப்பாண்டியிடம், "அத்தான், ஒரு எட்டு டாக்டர்ட்ட வாங்க. அதுக்கப்புறம் யாரை வேணும்னாலும் கட்டுங்க" என்றாள். அவன் முனகிக்கொண்டே வந்தான்.

டாக்டர் அவனிடம் சொன்னார்: "இந்தக் கோளாறு ஒங்க ரெண்டு பேர்ட்டயும் பாதிப்பாதி மறைஞ்சு கெடக்கு. ஒரே குடும்பத்து ரத்தம். ரெண்டு பாதியும் சேர்ந்த பிள்ளை பிழைக்காது. முத்துமாரிகிட்டயும் அது இருக்கலாம்."

இசக்கிப்பாண்டி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப பால்ல குத்தம் இல்லியா?"

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வே."

வெளியே வந்ததும் அவன், "ஏட்டி, நீ இங்கன ஒக்காரு" என்று சோடாக்கடை பெஞ்சைக் காட்டினான். இரண்டு பேரும் குடித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாங்கிக்கொடுத்த முதல் சோடா அது. மன்னிப்பு என்று எதுவும் அவன் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அவன் முடியாது என்று சொல்லிவிட்டான். உச்சிமாகாளி மண்ணை வாரித் தூற்றினாள். முத்துமாரியைச் சிவகிரியில் அந்நியத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு மகன் பிறந்து கொழுகொழுவென்று வளர்ந்தான்.

சுந்தரம்மாள் அதன்பிறகு பிள்ளை பெறவில்லை. அவ்வப்போது சிவகிரிக்குப் போய் அவனைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவனுக்குச் சளி என்று காதில் விழுந்தால் போதும், அன்று முழுக்க இவளுக்குச் சோறு இறங்காது.