சிவகுருநாதன் எடுத்த வெறும் வலை

படம் எடுக்கிற ஆட்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. மூன்று வாரமாகக் கரைவலையில் மீன் இல்லை. என் வலையை நம்பி முப்பது குடும்பம் கிண்ணியாவில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, வெறும் வலையை இழுத்துக் காட்டச் சொன்னால் கோபம் வராதா?

வந்தவர் சிவகுருநாதன், பாலையூற்று ஆள். துறைமுகக் கந்தோர் வேலையை உதறிவிட்டுப் படம் எடுக்கப் போனவர். முதல் படம் நாலு நாள் ஓடியது. இரண்டாவது பாதியில் நின்றது. அறுபத்து நாலில் எடுத்த இந்த மூன்றாவது படத்துக்கு நடிகர்களைப் பிடிக்க வழியில்லாமல் ஊர்ச் சனத்தை வைத்தே எடுத்தார். கதையில் வரும் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரன், நான்தான். என்ன சபலமோ, ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கடைசிக் காட்சி மட்டும் மிச்சம். வலை வெறுமையாக வர, சம்மாட்டி கரையில் விழுந்து அழ வேண்டும். என் வாப்பா மௌத்தான அன்றுகூட நான் அழவில்லை. சிவகுருநாதனின் பெட்டியில் இருந்ததோ ஒரே ஒரு சுருள் பிலிம்.

"வெறும் வலை இழுக்கிற மாதிரி நடிக்க ஏலாது, தம்பி" என்றேன். "கடலோட விளையாடினா அது உண்மையாவே வெறும் வலையத் தந்துபோடும். பிஸ்மில்லாச் சொல்லி மெய்யாவே வளைப்பம். வாறது வரட்டும்."

அவர் யோசித்தார். மூன்று வாரமாக இல்லாத மீன் இன்றைக்கா வரப்போகிறது என்று நினைத்திருப்பார். "ஓம் சம்மாட்டியார், வளையுங்கோ" என்றார்.

வலையை வளைத்தோம். காலை பத்து மணிக்கு இழுக்கத் தொடங்கினோம். கயிறு கனத்தது. பாசியாக்கும் என்றுதான் நினைத்தேன். மீன் சேரும் வலை மடி கரை தட்டியதும் பார்க்கிறேன், கீரி மீன்! மடி கிழியும் அளவுக்குக் கீரி மீன்! பெடியன்கள் கூத்தாடினார்கள். நான் மணலில் விழுந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நிமிர்ந்தால் ஒரு முழத் தூரத்தில் கமெரா. சிவகுருநாதன் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு என்னையே எடுக்கிறார்.

"மீன எடுங்க, தம்பி! என்ட மூஞ்சில என்ன கிடக்கு?" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. சுருள் முடியும்வரை மடியின் பக்கம் கமெராவைத் திருப்பவேயில்லை. மனிதர் படத்தைக் கோட்டைவிட்டுவிட்டார் என்று எனக்கே பாவமாகப் போயிற்று. நாலு கீரியை ஓலையில் கோர்த்துக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வருடம் டவுன் தியேட்டரில் படம் வந்தது. மனைவி ரபீக்காவோடு போனேன். கடைசிக் காட்சியில் கயிறு வருகிறது. பிறகு ஆள் இல்லாத கடல். பிறகு என் முகம். சத்தமே இல்லை. மீனைக் கண்டு அழுத அதே அழுகைதான். ஆனால் திரையில் அழுதவன் எல்லாவற்றையும் இழந்தவன். சுபஹானல்லாஹ்! ஒரு பொட்டுப் பொய் சேர்க்காமல் இந்த மனிதர் என்ன செய்து வைத்திருக்கிறார்? அந்த மடியில் என்ன இருந்தது என்று தெரிந்தவன் நான். எனக்கே அது மறந்துபோயிற்று.

பக்கத்தில் ரபீக்கா விம்மினாள். அன்று அந்தக் கீரியை இரண்டு நாளாக உப்புப் போட்டுக் காயவைத்தவள் அவள்.

"பாவம் அந்த மனிசன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர்ட புள்ளைகள் ராவைக்கு என்னத்தத் தின்னும்?"

"தெரியாது புள்ள" என்று நான் கண்ணைத் துடைத்தேன்.