தாய்வீட்டுச் சேலை

பறைக்காரர்கள் மறுபடியும் பீடி பற்றவைத்தபோது முனிலட்சுமிக்குப் பொறுமை விட்டுப்போனது. மாமியாரைக் குளிப்பாட்டி, பாடை கட்டி, குழியும் வெட்டியாயிற்று. மாசி வெயிலில் மாரம்மாவின் முகத்தில் உட்காரும் ஈயை விரட்டி விரட்டி அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் தூக்க முடியாது. தாய்வீட்டுக் கோடிச்சேலை போர்த்தாமல் சுமங்கலியை எடுக்கக் கூடாதென்று, மாமனாரின் அண்ணன் கோவிந்தப்பன் கயிற்றுக்கட்டிலில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். மாமனார் திண்ணையில் சுருண்டு கிடந்தார்.

தாய்வீடென்று மிச்சமிருந்தது தம்பி ஆஞ்சப்பன் ஒருவன்தான். தேன்கனிக்கோட்டைக்காரன். அக்காள் தன் மகன் சென்றாயனுக்கு அவன் பெண்ணை எடுக்காமல் முனிலட்சுமியை எடுத்ததிலிருந்து முறுக்கிக்கொண்டு திரிந்தான். விடிந்ததுமே ஆள் அனுப்பியும் வரவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சென்றாயன் ஓடிப்போய் வெறுமனே திரும்பினான். அப்போதெல்லாம் வாசலில் இருந்தவர்கள் முனிலட்சுமியைத்தான் பார்த்தார்கள், அவள்தான் பஸ்ஸை மறித்து வைத்திருக்கிற மாதிரி.

ஆஞ்சப்பனாவது பகையாளி. அந்த மூன்று பேரும் எங்கே தொலைந்தார்கள்? ரங்கம்மா, நஞ்சம்மா, ராஜாத்தி. புளி மண்டியில் மாமியாரோடு உட்கார்ந்து கொட்டை எடுக்கிறவர்கள். பொழுது சாய்ந்தால் நால்வரும் இந்த வாசலில்தான் கூடுவார்கள். தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று காது கிழியும். சுவரெல்லாம் வெற்றிலை எச்சில். அவள் கிண்டிய களியைத் தின்றுவிட்டு உப்புப் போதவில்லை என்றும் சொல்வார்கள். காலையில் வந்து மாரடித்து அழுதவர்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக நழுவிவிட்டார்கள்.

"மண்டிக்குப் போயிருப்பாளுங்க. திங்க மட்டும் கரெக்டா வந்துருவாளுங்க!" என்று புருஷனிடம் வெடித்தாள். சென்றாயன் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினான்.

வெயில் தாழ்ந்தபோது ரங்கம்மா வந்தாள், அக்குளில் ஒரு பொட்டலத்தோடு.

"ஒசூரு போயி வரேன். பஸ்ஸு பாதியில நின்னுபோச்சு," என்று பொட்டலத்தைப் பிரித்தாள். அரக்கு நிறச் சேலை, மஞ்சள் கரை. "தாய்வூட்டுக் கோடி. போத்துங்க."

கோவிந்தப்பன் பதில் சொல்வதற்குள் நஞ்சம்மா வந்தாள். அவள் கையிலும் பொட்டலம். அதே அரக்கு, அதே மஞ்சள் கரை. பின்னாலேயே மூச்சிரைக்க ராஜாத்தி. அவள் பிரிக்காமலேயே முனிலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏண்டி, தலவலின்னுதானே போன?" என்று ரங்கம்மா ராஜாத்தி மேல் பாய்ந்தாள்.

"நீ மட்டும் சொல்லிட்டா போன?"

"சும்மனிரு ரெண்டு பேரும். நாந்தான் மொதல்ல எடுத்தது," என்றாள் நஞ்சம்மா.

முனிலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணும் ஒரே சேலையா? கடையில வேற நெறமே இல்லியா?"

"சந்தைக்குப் போறப்பல்லாம் இந்தச் சேலையத்தான் தொட்டுத் தொட்டுப் பாப்பா உங்க அத்த," என்றாள் ராஜாத்தி. "ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. அது முனிலட்சுமிக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது.

"நல்லாருக்குது ஞாயம்," என்றார் கோவிந்தப்பன். "போன ஐப்பசியில சர்க்காரே பாஷைக்கு ஒரு ராஜ்ஜியமுன்னு பிரிச்சிட்டான். இங்க ஒரு தெலுங்குக்காரி, ஒரு கன்னடக்காரி. எப்பிடிம்மா நீங்க தாய்வூடு?"

"இந்த சென்றாயன் பொறந்தப்போ ஆஞ்சப்பனா வந்து மருந்து இடிச்சான்?" என்றாள் ரங்கம்மா. "இடிச்சது நானு. தொப்புக்கொடி அறுத்தவ நஞ்சி. ஒரு மாசம் ஒல வெச்சவ ராஜாத்தி. அப்ப எந்தப் பாஷைன்னு கேட்டீங்களா?"

கோவிந்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் யாருடையதை முதலில் போர்த்துவது என்று மூவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். முனிலட்சுமி மூன்று சேலைகளையும் பிடுங்கினாள்.

"பொணத்த வெச்சிக்கிட்டு என்னா இது! தள்ளுங்க."

ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றையும் போர்த்தினாள். பறை ஒலித்தது. பாடைக்குத் தோள் கொடுக்க ஆண்கள் குனிந்தபோதுதான் ஆஞ்சப்பன் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான், மடிப்புக் கலையாத சேலையோடு.

"தம்பி வந்துட்டான். அதுங்கள எடுத்துட்டு இத மொதல்ல போத்துங்க," என்றார் கோவிந்தப்பன்.

முனிலட்சுமி பாடையின் முன்னால், ஆஞ்சப்பனுக்கு எதிரே வந்து நின்றாள். "வரிசையில வாங்க மாமா. உங்களுக்கு முன்னாடியே தாய்வூட்டுக்காரங்க வந்துட்டாங்க."

ஆஞ்சப்பன் சென்றாயனைப் பார்த்தான். சென்றாயன் தரையைப் பார்த்தான். ஆஞ்சப்பன் சேலையை அக்காளின் கால்மாட்டில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

பெண்கள் ஊர் முனையோடு திரும்பித் தலை முழுகினார்கள். ஈரச்சேலையோடு மூவரும் வாசலில் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ரங்கம்மா சுருக்குப்பையைத் திறந்து, சுண்ணாம்பு தடவி, வெற்றிலையை மடித்துக் கொடுத்தாள். தன் பங்கை வாயில் போட்ட பிறகும் உள்ளங்கையில் ஒன்று மிச்சமிருந்தது. கைப்பழக்கத்தில் நாலு மடித்துவிட்டிருந்தாள்.

நஞ்சம்மா அதை எடுத்து முனிலட்சுமியிடம் நீட்டினாள்.

"எனக்கு ஆவாது. தல சுத்தும்."

"சுத்துனா ஒக்காரு," என்றாள் ரங்கம்மா.

முனிலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து வெற்றிலையைக் கடைவாயில் அதக்கினாள். காரத்தில் கண்ணில் நீர் முட்டியது. வாயெல்லாம் எச்சில் ஊறியது. எங்கே துப்புவதென்று சுற்றிலும் பார்த்துவிட்டு, எட்டிச் சுவரோரத்தில் துப்பினாள்.