அளத்து மண் போட்ட மழைத்தொட்டி

1

இந்தக் கதை என் மனதில் பிறக்கவில்லை. எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் தேவபிரசாதம் அண்ணாச்சியின் வரவேற்பறையில், ஒரு தட்டு முந்திரி மக்ரூனுக்கு முன்னால் பிறந்தது.

"மழைநீர் சேகரிப்புக்கு ஒரு மலர் போடுதோம். நீரு ஒரு கதை எழுதும்வே. மழை பெய்யணும், தொட்டி நெறையணும், கடைசில குடும்பமே சிரிக்கணும். பாசிட்டிவா இருக்கட்டும்" என்றார்.

எப்போதோ ஒரு வார இதழில் என் கதை வந்தது. அந்தப் பாவத்துக்கு இன்றுவரை தெருவில் நான்தான் எழுத்தாளர். வாய் நிறைய மக்ரூன் இருந்ததால் மறுக்க முடியவில்லை. இலக்கியம் பிறப்பதற்கான மகத்தான காரணங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "வானிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் ஒரு முத்து. முத்துக்குளித்த இந்தக் கடற்கரையில்..." (அடித்துவிட்டேன். தூத்துக்குடியைப் பற்றி எழுதினால் மூன்றாவது வரிக்குள் முத்து வந்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ!)

இரண்டாம் தொடக்கம்: "விதிப்படி, வீட்டு உரிமையாளர் மாடியில் விழும் நீரைக் குழாய் வழியே இறக்கி, சல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டி..." (இதுவும் வேண்டாம். விதியை அப்படியே எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் யாரும் படிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் கீழே.)

மூன்றாம் தொடக்கம்: தலைவர் வீட்டு மழைத்தொட்டியில் குரோட்டன்ஸ் செழிப்பாக வளர்கிறது. எதிர்வீட்டில் குழாய் மாடியிலிருந்து ஜோராக இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே தொட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. பார்வையிட வருகிறவர் எடுக்கும் போட்டோவில் அவ்வளவு தூரம் தெரியாது. என் வீட்டில்— (இது என்னைப் பற்றிய கதை அல்ல. மேலே போவோம்.)

3

கதாநாயகன் பேச்சிராஜா, என் பக்கத்து வீட்டுக்காரர். உப்பளத்தில் பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். ஊரே மழைக்கு ஏங்கும்போது மழை வேண்டாம் என்று கும்பிடுகிற ஆள். ஒரு மழை போதும், வரப்பில் குவித்து வைத்த உப்பு அம்பாரம் கரைந்து ஓட.

அவர் மனைவி முருகேஸ்வரி மழை வேண்டுமென்று கும்பிடுகிறாள். வீட்டு போர் தண்ணீர் கரித்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. ஆற்றங்கரை ஏரலில் கட்டிக்கொடுத்த மகள் இந்துமதிக்கு இது தலைப்பிரசவம்.

"பச்சப்புள்ளைய உப்புத்தண்ணிலயா குளிப்பாட்ட? ஆத்துத்தண்ணில வளந்த சம்பந்தக்காரி நம்மள என்ன நெனப்பா?" என்பதுதான் அவள் கேள்வி.

ஒரே வீட்டில், ஒரே சாமி படத்துக்கு முன்னால், இரண்டு மனு. சாமியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் நிலைமையும் அதுதான். இந்தக் கதையில் மழையைப் பெய்யவைக்கும் அதிகாரம் என்னிடம் அல்லவா இருக்கிறது.

* இந்த இடத்தில் தலைவர் பென்சிலால் எழுதிய குறிப்பு: "உப்பளக்காரர் எதுக்கு? மழை வேண்டாம்கிற ஆள மழை மலர்ல போடலாமா? பேங்க் மேனேஜர்னு மாத்தும்." மாற்றிப் பார்த்தேன். பேங்க் மேனேஜருக்கு மழை வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். கதை செத்துவிட்டது.

4

தொட்டி கட்டாவிட்டால், குடிக்க மட்டுமே காணுகிற அந்தக் குடிநீர் இணைப்பையும் துண்டிப்போம் என்று மாநகராட்சி நோட்டீஸ் வந்தது. வந்தாலும் பேச்சிராஜாவுக்கு ஏமாற்றத் தெரியவில்லை. தெருவிலேயே ஒழுங்கான தொட்டி அவருடையதுதான். தானே குழி தோண்டினார், சிமெண்ட் உறை இறக்கினார், குழாயை உண்மையிலேயே இணைத்தார். வடிகட்டிய தண்ணீர் பின்கட்டுத் தரைத்தொட்டிக்குப் போக வழி செய்தார். சல்லி போட்டார். மணல்?

ஆற்று மணல் விற்கிற விலை உங்களுக்கே தெரியும். அவர் உப்பளத்து வரப்பிலிருந்து மண்ணை அள்ளி வந்து கொட்டினார்.

மாநகராட்சியிலிருந்து பார்வையிட வந்தவர் எட்டிப் பார்த்தார். "சல்லி இருக்கு. மணல் இருக்கு. ஓகே சார், தொட்டி பக்கத்துல நில்லுங்க" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். என்ன மணல் என்று விதி கேட்கவில்லை. விதி கேட்காததை அவர் எதற்குக் கேட்கிறார்?

எனக்குத்தான் இங்கே கதாநாயகன் மேல் சந்தேகம் வந்தது. உப்பிலேயே நிற்கிற மனிதருக்கு அந்த மண் உப்பு என்று தெரியாதா? கஞ்சத்தனமா? மழை மேல் உள்ள வன்மமா? மூன்று பக்கம் மனோதத்துவம் எழுதிவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"மண்ணு மண்ணாத்தான அண்ணாச்சி இருக்கும்? விடிஞ்சா அடைஞ்சா அதுலதான நிக்கேன். எனக்கு எல்லா மண்ணும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

5

புரட்டாசியில் ஒரு தூறல் விழுந்தது. (நான் எழுதியதல்ல, தானாக விழுந்தது.) அம்பாரம் தப்பித்துக்கொண்டது. தரைத்தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது. முருகேஸ்வரி ஆசையாக ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தாள். துப்பிய சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது.

"ஏ மனுசா! கடலக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கியளே!"

"ஏளா, கத்தாத. ரெண்டு மழ பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்."

"அந்த ரெண்டு மழயும் பெய்யக் கூடாதுன்னுதான நீங்க கும்பிடுதீய?"

நான் ஒட்டுக்கேட்கவில்லை, கவனித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளர்கள் அதை அப்படித்தான் சொல்வோம்.

6

இந்துமதிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் மாமியார், அதாவது அந்தச் சம்பந்தக்காரி, துணைக்கு இருக்கிறாள். நாளை மூவரும் இங்கே வருகிறார்கள். இன்று காலையிலிருந்து கடல் பக்கம் வானம் கருத்துக் கிடக்கிறது.

உப்பளத்தில் இந்த வருடத்தின் கடைசி அம்பாரம் மூடாமல் நிற்கிறது. லாரி வரவில்லை. அது கரைந்தால் அடுத்த வருடம் பாத்தி கைவிட்டுப் போகும், பேச்சிராஜா கூலிக்குப் போக வேண்டும். வீட்டில் தொட்டி நிறைய உப்பு மண். அதை மாற்றாமல் மழை பெய்தால் சேர்வது முழுதும் உப்புத்தண்ணீர்தான். அம்பாரத்தை மூடுவது, மண்ணை மாற்றுவது, இரண்டு வேலையும் இன்றே முடிய வேண்டும்.

முடிவு அ: மழை பெய்கிறது. உப்பு போச்சு.

முடிவு ஆ: மழை பெய்யவில்லை. உப்பு தப்பித்தது. குழந்தைக்கு போர் தண்ணீர்.

முடிவு இ (தலைவருடையது): உப்பும் தப்பி, தொட்டியும் நிறைந்து, சம்பந்தக்காரி வியந்து பாராட்ட, தலைவர் பொன்னாடை போர்த்துகிறார்.

பேச்சிராஜா உப்பளத்துக்கு ஓடுவதாக எழுதிவிட்டு, காம்பவுண்டு சுவர் மேல் எட்டிப் பார்த்தேன். மனிதர் இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை அள்ளி வெளியே எறிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் எங்கிருந்தோ வாங்கிய ஆற்று மணல், நாலைந்து மூட்டை.

"அளத்துக்குப் போகலியா?"

"அவ போயிட்டா அண்ணாச்சி. 'நீங்க கொட்டின மண்ண நீங்களே அள்ளுங்க, உப்ப நான் பாத்துக்கிடுதேன்'னு தார்ப்பாயத் தூக்கி வண்டில வச்சிட்டுப் போயிட்டா. கடல்காத்துல தார்ப்பாய் நிக்காது. அவளுக்குக் கட்டத் தெரியாது அண்ணாச்சி."

மண்வெட்டி நிற்கவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்: "கதைல மழய எப்ப வச்சிருக்கீய?"

"இன்னும் முடிவு பண்ணல."

"வேண்டாம்னு சொல்லல. பெய்யட்டும். அவ கட்டி முடிச்சிரட்டும், அதுக்கப்புறம்."

இருபது வருடமாக மழை வேண்டாம் என்று மட்டுமே கேட்டு வந்தவர் அவர். இதற்கு ஒரு நக்கல் வரி யோசித்தேன். வரவில்லை.

7

பக்கத்து வீட்டில் ஒருவர் ஒற்றையாளாகக் குழி அள்ளும்போது நீர் இங்கே உட்கார்ந்து முடிவு அ, ஆ, இ போட்டுக்கொண்டிருக்கிறீரே என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். பேனாவை மூடிவிட்டு நானும் ஒரு மண்வெட்டியோடு சுவர் தாண்டிப் போகிறேன். தலைவரிடம் கதை முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மழையை இந்த வரிவரை பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அடுத்த வரி உங்களுடையது. உப்பளத்தில் ஒரு பெண் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தெரியாத முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கடைசிக் கயிற்றை இறுக்கும் வரை தயவுசெய்து எதுவும் எழுதாதீர்கள்.